ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று: தென் இத்தாலியின் சிவப்பு ஒயின் திராட்சைகள்

நண்பர் ஒருவர் ஊருக்கு வரும் வழியில் விமான நிலையக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தார். மேஜையில் வைத்துவிட்டு லேபிளைத் தட்டிக் காட்டினார். "பாத்தீங்களா, 'பிரிமிட்டிவ்'னே போட்டிருக்கான். ஆதிகாலத்து முறையில கால்ல மிதிச்சு எடுக்குற ஒயின் போல."

லேபிளில் இருந்தது 'ப்ரிமிட்டீவோ டி மாந்தூரியா'. ப்ரிமிட்டீவோ ஒரு திராட்சையின் பெயர். ஆதிகாலத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை; 'முந்திப் பழுப்பது' என்றுதான் பொருள். மாந்தூரியா என்பது ஊர். டி என்றால் 'உடைய'. அவ்வளவுதான்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தென் இத்தாலி ஒயின் என்றாலே, "வெயில் ஊரு, அதனால கெட்டி சரக்கு, கொஞ்சம் இனிப்பு, போதை ஜாஸ்தி" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவதுதான் வழக்கம். விற்பவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில், ஆகஸ்ட் கடைசியிலேயே பழுத்துவிடும் திராட்சையும், நவம்பர் குளிரிலும் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கும் திராட்சையும் அதே தெற்கில்தான் விளைகின்றன. இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதத்துக்கும் மேல். அந்த இடைவெளி புரிந்தால் மற்றதில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

ரகம் என்பது விதையில் வருவதல்ல

மல்கோவா கொட்டையைப் புதைத்தால் மாமரம் வரும், மல்கோவா வராது. அதனால்தான் நர்சரியில் ஒட்டுச்செடி வாங்குகிறோம். திராட்சையும் அப்படித்தான். விதையிலிருந்து முளைக்கும் ஒவ்வொரு கொடியும் அப்பா அம்மா இருவரையும் கலந்த புதுப் பிள்ளை. பிடித்த கொடி அப்படியே வேண்டுமென்றால், கவாத்து செய்யும்போது ஒரு போத்தை வெட்டி வேறிடத்தில் வேர்பிடிக்க வைக்க வேண்டும், அல்லது இன்னொரு வேரின் மேல் ஒட்டுக்கட்ட வேண்டும்.

ஆக, ரகம் என்பது எப்போதோ முளைத்த ஒரே ஒரு கொடியின் நகல்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர். போத்து கைமாறிக் கைமாறிக் கடல் தாண்டும். செடி மாறாது, பெயர் ஊருக்கு ஊர் மாறும். குழப்பமெல்லாம் இங்கேதான் ஆரம்பம்.

ப்ரிமிட்டீவோவின் கதையே இதற்குச் சாட்சி. இத்தாலியை ஒரு பூட்ஸ் காலாகப் பார்த்தால் குதிகால் பக்கம் இருக்கும் மாநிலம் பூல்யா. அங்கே ஜோயா டெல் கோல்லே என்ற ஊரில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரான்செஸ்கோ ஃபிலிப்போ இந்தெல்லிகாட்டி என்ற பாதிரியார் தோட்டத்தில் ஒரு விஷயம் கவனித்தார். பல கொடிகள் கலந்து நின்ற இடத்தில் ஒரு ரகம் மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் பழுத்தது. அதைத் தனியாகப் பிரித்து நட்டார். ப்ரிமிட்டீவோ என்ற பெயர் அப்படி வந்தது. மாந்தூரியாவுக்கு அது போனது பிற்பாடுதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பக்கம் கல்யாணமாகிப் போன ஒரு சீமாட்டியின் சீதனத்தோடு போத்துகளும் போயின என்று சொல்வார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜின்ஃபண்டெல் என்று ஒரு திராட்சை உண்டு. அதைத் தங்கள் சொந்த ரகமாகவே அங்கே கொண்டாடி வந்தார்கள். 1967-இல் ஆஸ்டின் கோஹீன் என்ற அமெரிக்கத் தாவரநோய் நிபுணர் பூல்யாவுக்குப் போனபோது, அங்கே குடித்த ஒயினும் பார்த்த கொடியும் ஜின்ஃபண்டெல் போலவே இருப்பதைக் கண்டு போத்துகளைத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். 1994-இல் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கேரல் மெரிடித் மரபணுச் சோதனை செய்து, இரண்டும் ஒன்றே என்று உறுதிசெய்தார். அதோடு முடியவில்லை. 2001-இல் குரோஷியக் கடற்கரையில், ஸ்ப்ளிட் நகரத்துக்குப் பக்கத்தில், ஒரு தோட்டத்தில் மிஞ்சியிருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய கொடிகளும் அதே செடிதான் என்று தெரிந்தது. அங்கே அதன் பழைய பெயர் த்ரிபிட்ராக். அந்தப் பெயருக்கும் 'சீக்கிரம் பழுப்பது' என்றுதான் பொருள் சொல்கிறார்கள். கடலின் இருகரையிலும், ஒருவரையொருவர் கேட்காமலே, அதே குணத்தைப் பார்த்து அதே பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

இதுவரை: ரகம் வேறு, ஊர் வேறு. ஒரே ரகத்துக்கு மூன்று தேசத்தில் மூன்று பெயர் இருக்கலாம்.

நிறம் சதையில் இல்லை

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையை ஒன்று எடுத்துப் பிதுக்கிப் பாருங்கள். தோல் கருநீலம், உள்ளே இருப்பது பச்சை கலந்த வெள்ளைச் சதை. ஒயினுக்குப் போகும் கறுப்புத் திராட்சைகளிலும் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான். சாற்றை மட்டும் பிழிந்து எடுத்தால் வெள்ளை ஒயின்தான் வரும். சிவப்பு வேண்டுமென்றால் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்கவைக்க வேண்டும். சில மணிநேரத்தில் தோலை எடுத்துவிட்டால் இளஞ்சிவப்பு ரோஸே. நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஊறினால் சிவப்பு.

தோலில் இருக்கும் நிறப்பொருளுக்கு ஆந்தோசயனின் என்று பெயர். நாவல்பழம் தின்றால் நாக்கில் ஒட்டும் ஊதாவும் அந்த வகைதான்.

நாவல்பழத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தின்று முடித்ததும் நாக்கு இழுத்துப் பிடித்தாற்போல, வாயில் ஈரமே இல்லாததுபோல ஆகிறதே, அந்தத் துவர்ப்பு. அதற்குக் காரணமான பொருள் டானின். திராட்சையில் அது தோலிலும் விதையிலும் இருக்கிறது. எச்சிலில் உள்ள புரதத்தோடு போய் ஒட்டிக்கொண்டு, எச்சிலின் வழுவழுப்பைப் பறித்துவிடுகிறது. அடுப்பில் மறந்துபோய் நெடுநேரம் கொதித்த டீயும் இதே வேலையைச் செய்யும். ஆறு சுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்து வளர்ந்தவர்கள் நாம். கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்ள நமக்குக் காரணமே இல்லை. ஆனால் டானின் மிகுந்த ஒயினைக் குடித்துவிட்டு "கசக்குது" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

மிச்சம் இருப்பது இனிப்பும் புளிப்பும். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை 1 சதவீத ஆல்கஹால் ஆகும். நண்பர் கொண்டுவந்த பாட்டிலில் 14.5 சதவீதம் என்று போட்டிருந்தது. அப்படியானால் லிட்டருக்கு 245 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை அந்தப் பழத்தில் இருந்திருக்க வேண்டும். அதில் ஏறக்குறைய எல்லாம் ஆல்கஹாலாகிவிட்டது. நாக்கில் இனிப்பாகத் தோன்றுவதில் பெரும்பங்கு பழ வாசனையும் ஆல்கஹாலும் செய்யும் மாயம். விலை குறைந்த ப்ரிமிட்டீவோக்களில் கொஞ்சம் சர்க்கரையைத் தின்னவிடாமல் மிச்சம் வைப்பதும் உண்டு, அது வேறு விஷயம்.

இதுவரை: நிறம், துவர்ப்பு, ஆல்கஹால், புளிப்பு என்று நான்கு தனித்தனிக் குமிழ்கள். ஒன்றைத் திருகினால் மற்றதும் கூடவே திரும்பும் என்று கட்டாயம் இல்லை. கறுப்பாக இருக்கிறது, அதனால் துவர்க்கும் என்று கண்ணைமூடிக்கொண்டு சொல்ல முடியாது.

பழுக்கும் கடிகாரம்

கம்பத்தில் ஒரு தோட்டத்தில் காய் வெட்டும்போது அடுத்த தோட்டத்தில் கவாத்து நடக்கும். கொடியை உறங்கவைக்கும் அளவுக்கு அங்கே குளிர் கிடையாது. இத்தாலியில் அந்தச் சலுகை இல்லை. குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் துளிர்த்து, கோடையில் நிறம் மாறி, வருடத்துக்கு ஒரே ஒரு வெள்ளாமை. எந்த நாளில் வெட்டுவது என்பதில் தவறினால் திருத்திக்கொள்ள அடுத்த வருடம்தான்.

பழுக்கும்போது சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். வெயில் கடுமையாக இருந்தால் இரண்டும் ஓட்டமாக ஓடும். ஆனால் தோலும் விதையும் முதிர்ந்து டானின் முரட்டுத்தனம் குறைவதற்குத் தனியாக நாள் பிடிக்கும். இந்த இரண்டு ஓட்டமும் எப்போது சந்திக்கின்றன என்பதுதான் ரகத்தின் கடிகாரம்.

ப்ரிமிட்டீவோவின் கடிகாரம் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ அடித்துவிடும். பூல்யாவில் அனல் அடங்காத நேரம் அது. சர்க்கரை கிடுகிடுவென ஏறுகிறது. ஒரே குலையில் எல்லா மணியும் சேர்ந்தாற்போலப் பழுப்பதும் இல்லை. கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று மணி உலர்ந்து கிஸ்மிஸ் போலச் சுருங்கியிருக்கும், பக்கத்திலேயே இரண்டு இன்னும் செங்காயாக நிற்கும். காய்க்காகக் காத்திருந்தால் பழம் காய்ந்துபோகும். பழத்துக்காக அவசரப்பட்டால் காய் சேர்ந்துவிடும். ப்ரிமிட்டீவோவில் வரும் ஜாம் வாசனைக்கும் கூடுதல் ஆல்கஹாலுக்கும் அந்தச் சுருங்கிய மணிகளுக்குப் பெரிய பங்குண்டு.

இப்போது மேற்குப் பக்கம் மலை ஏறுங்கள். நேப்பிள்ஸ் நகரம் இருக்கும் மாநிலம் கம்பானியா. அதன் உள்நாட்டு மலைப்பகுதியில் அவெல்லீனோவைச் சுற்றியுள்ள ஊர்களிலும், அதற்கு அப்பால் பசிலிக்காட்டா மாநிலத்தில் வூல்த்துரே என்ற அணைந்துபோன எரிமலையின் சரிவிலும் வளர்வது அல்யானிக்கோ. அக்டோபர் கடைசியில்தான் வெட்ட ஆரம்பிப்பார்கள், நவம்பருக்குள்ளும் நீளும். மாந்தூரியாவில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் இங்கே கத்தரிக்கோலே வெளியே வரும். தோட்டங்கள் கடல்மட்டத்திலிருந்து 400, 500 மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். பகலில் வெயில், இரவில் குளிர். அந்தக் குளிர் புளிப்பைக் கரையவிடாமல் பிடித்துவைக்கிறது. டானினும் குவிந்து கிடக்கிறது. அதனால் இளசான அல்யானிக்கோ வாயை இறுக்கிக் கட்டிவிடும். பொறுத்திருந்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் புகையும் தோலும் காய்ந்த பழமுமாக வேறொன்றாகிவிடும்.

அவெல்லீனோ மாவட்டத்தில் தௌராசி என்ற சின்ன ஊரின் பெயரில் வருவதுதான் இதன் புகழ்பெற்ற ஒயின். அறுவடைக்குப் பிறகு குறைந்தது மூன்று வருடம் வைத்திருந்துதான் விற்கலாம் என்பது சட்டம். இதைத் 'தெற்கின் பரோலோ' என்று வடக்கத்தி ஒயின் ஒன்றோடு ஒப்பிட்டுப் புகழ்வது வழக்கம். புகழ்ச்சிதான், ஆனாலும் தெற்கத்திச் சரக்குக்கு வடக்கின் சிபாரிசுக் கடிதம் எதற்கு என்று எனக்குத் தோன்றும். இன்னொரு பழைய நம்பிக்கையும் உண்டு: கிரேக்கர்கள் கொண்டுவந்தது, 'எல்லேனிக்கோ' மருவி அல்யானிக்கோ ஆனது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மரபணுச் சோதனையில் கிரேக்க ரகங்களோடு நெருங்கிய உறவு எதுவும் தென்படவில்லை.

'வெயில் ஊர் ஒயின்' என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டு திராட்சைகளுமே பதில். பிரிப்பவை மாதமும் உயரமும்தான்.

பூல்யாவின் மற்ற கறுப்புகள்

பூல்யாவின் தென்முனை சலெந்தோ. அங்கே ப்ரிமிட்டீவோவைவிட ஊருக்கு நெருக்கமான திராட்சை நெக்ரோஅமாரோ. இத்தாலியனில் பார்த்தால் 'கறுப்பு, கசப்பு'. குடித்தால் கடைசியில் மெல்லிய கசப்பு வரத்தான் செய்கிறது, அதனால் பலர் இந்த விளக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். இன்னொரு விளக்கம் எனக்குச் சுவையாகப் படுகிறது. சலெந்தோவில் சில ஊர்களில் இன்னும் கிரேக்கக் கிளைமொழி பேசுகிறார்கள். கிரேக்கத்தில் 'மாவ்ரோ' என்றால் கறுப்பு. அமாரோ அதன் மருவல் என்பது அந்த வாதம். அப்படியானால் பெயரின் பொருள் 'கறுப்புக் கறுப்பு'. நம் 'நடுசென்டர்' மாதிரி.

சாலிச்சே சலெந்தீனோ என்ற ஊர்ப்பெயரை லேபிளில் கண்டால் உள்ளே முக்கியமாக இருப்பது இதுதான். நல்ல ரோஸேவும் இதிலிருந்து வரும். இத்தாலியில் முதன்முதலாகப் பாட்டிலில் அடைத்து விற்கப்பட்ட ரோஸே என்று சொல்லப்படும் 'ஃபைவ் ரோஸஸ்' 1943-இல் அந்த ஊரில்தான் பிறந்தது. போர்க்காலத்தில் வந்திறங்கிய அமெரிக்கர்களுக்காகத்தான் இங்கிலீஷ் பெயர்.

வடக்கே போனால் நேரோ டி த்ரோயா, நிறமும் துவர்ப்பும் சேர்ந்த ரகம். பிரிந்திசிப் பக்கம் சுசுமனியெல்லோ. 'குட்டிக் கழுதை' என்று பொருள் சொல்வார்கள். இளங்கொடியாக இருக்கும்போது பொதிகழுதை போலக் காய் சுமக்கும், வயதானால் விளைச்சல் படுத்துவிடும். அதனாலேயே ஒரு காலத்தில் விவசாயிகள் பிடுங்கிப் போட்டார்கள். இப்போது அதற்கு மவுசு.

இந்தத் திராட்சைகளின் பெயர் வெளியே தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நெடுங்காலம் பூல்யா, சிசிலி ஒயின்கள் பாட்டிலில் போகவில்லை. மொத்தமாகக் கப்பலிலும் டேங்கரிலும் வடக்குக்கும் பிரான்ஸுக்கும் போயின. அங்கே வெளிறிய ஒயினில் கலந்து நிறமும் பலமும் ஏற்றுவார்கள். இப்படிக் கலக்கும் ஒயினுக்கு இத்தாலியில் 'வீனோ டா தாலியோ' என்று பெயர். குழம்பைக் கெட்டியாக்க அரைத்து ஊற்றும் தேங்காய் போல. சாப்பிட்டவர் குழம்பைப் பாராட்டுவார், தேங்காயை யார் விசாரிப்பார்?

சிசிலியும், வெளிறிய ஆனால் முரடான இரண்டு பேரும்

சிசிலியின் தென்கிழக்கில் ஆவோலா என்று ஒரு ஊர். 'நேரோ தாவோலா' என்றால் ஆவோலாவின் கறுப்பு. வெயில் தாங்கும், அதே நேரம் புளிப்பையும் விட்டுவிடாது. அரசுப் பதிவேட்டில் இதன் பெயர் கலாப்ரேஸே, அதாவது 'கலாப்ரியாக்காரன்'. கலாப்ரியாவிலிருந்து வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 'ஆவோலாத் திராட்சை' என்ற சிசிலியப் பேச்சுவழக்குச் சொல் திரிந்து இப்படி ஆகியிருக்க வேண்டும் என்பதே பலரின் கருத்து. இதோடு ஃப்ராப்பாட்டோ என்ற லேசான, செர்ரிப்பழ வாசனையுள்ள திராட்சையைச் சேர்த்தால் செராசுவோலோ டி வித்தோரியா.

அதே தீவில் எட்னா எரிமலை இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது. அதன் வடக்குச் சரிவில் 600 முதல் 1,000 மீட்டர் உயரம் வரை, கறுப்பு எரிமலைக்கல் அடுக்கிய தளங்களில், நெரெல்லோ மஸ்கலேஸே வளர்கிறது. பந்தல் கிடையாது, ஒவ்வொரு கொடியும் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு தனியாகக் குட்டை மரம்போல நிற்கும். இந்த முறைக்கு 'அல்பெரெல்லோ' என்று பெயர், சின்ன மரம் என்று பொருள். அறுவடை அக்டோபரில். மறுபடியும் உயரம், மறுபடியும் தாமதம்.

எட்னா ஒயினைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் அடியில் வைத்த விரல் தெரியும். அவ்வளவு வெளிறிய சிவப்பு. தண்ணியாக இருக்கும் என்று நினைத்து ஒரு வாய் குடித்தால் துவர்ப்பு வந்து பிடித்துக்கொள்ளும். தோலில் நிறப்பொருள் கம்மி, டானின் கம்மியில்லை. முன்பு சொன்ன நான்கு குமிழ்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடலைத் தாண்டிப் பூட்ஸின் முனையான கலாப்ரியாவுக்குப் போனால் கால்யோப்போ என்ற திராட்சையிலும் இதே விசித்திரம். சிரோ என்ற ஊர்ப்பெயரில் வரும் அந்த ஒயினும் வெளிறியது, அதுவும் முரடு. தற்செயல் இல்லை. மரபணுச் சோதனைப்படி இரண்டும் கூடப்பிறந்தவை: டஸ்கனியில் புகழ்பெற்ற சஞ்சோவேஸேவும் கலாப்ரியாவின் மந்தோனிக்கோ என்ற வெள்ளைத் திராட்சையும்தான் இரண்டுக்கும் பெற்றோர்.

பெற்றோர் பேச்சு வந்ததால் ஒரு கொசுறு. நம் பன்னீர் திராட்சைக்கு ஒயின் உலகில் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாண்டிரியா மஸ்கட் என்ற வெள்ளைத் திராட்சை. அதே கொடி சிசிலிக்குத் தென்மேற்கே பந்தெல்லேரியா தீவில் ஸிபிப்போ என்ற பெயரில், குட்டை அல்பெரெல்லோக்களாகக் காற்றுக்குப் பயந்து குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கம்பத்தில் பந்தல் ஏறியிருக்கும் பிள்ளைக்கு அங்கே ஒரு பெற்றோர்.

லேபிளைப் படிப்பது

மூன்று வகை. 'ப்ரிமிட்டீவோ டி மாந்தூரியா', 'அல்யானிக்கோ டெல் வூல்த்துரே' போல ரகமும் இடமும் சேர்ந்து வருபவை ஒரு வகை. 'தௌராசி', 'சிரோ', 'எட்னா ரோஸ்ஸோ' போல இடத்தை மட்டும் சொல்பவை இன்னொன்று. ரகத்தை நீங்கள்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மூன்றாவது வேறேதோ பெயரை முன்னால் போட்டு வருவது. வெசூவியஸ் எரிமலைச் சரிவில் வரும் 'லாக்ரிமா கிறிஸ்டி' என்றால் கிறிஸ்துவின் கண்ணீர். அதன் சிவப்பில் முக்கியமாக இருப்பது பியெதிரோஸ்ஸோ, 'சிவப்புக் கால்'. பழுக்கும்போது காம்பு புறாவின் காலைப்போலச் சிவப்பதால் அந்தப் பெயர்.

இடப்பெயருக்குப் பக்கத்தில் டிஓசி, டிஓசிஜி என்று இருக்கும். எந்த எல்லைக்குள், எந்த ரகத்தில், எப்படிச் செய்ய வேண்டும் என்று சட்டம் வகுத்த ஒயின் என்று பொருள். பிந்தையதில் விதி இன்னும் கடுமை. அது ருசிக்கான சான்றிதழ் அல்ல.

ஒரு பொறியை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். 'மொந்தெபுல்ச்சானோ தாப்ருஸ்ஸோ' என்பதில் மொந்தெபுல்ச்சானோ திராட்சை, அப்ருஸ்ஸோ இடம். 'வீனோ நோபிலே டி மொந்தெபுல்ச்சானோ' என்பதில் மொந்தெபுல்ச்சானோ டஸ்கனியில் உள்ள ஊர்; திராட்சை சஞ்சோவேஸே. ஒரே சொல், இரண்டு வேலை. இத்தாலியர்களே தடுமாறும் இடம் என்பதால் நாம் வெட்கப்படத் தேவையில்லை.

அன்று நண்பரின் பாட்டிலை மட்டன் சுக்காவோடு திறந்தோம். மிளகாய்க் காரத்தை 14.5 சதவீத ஆல்கஹால் ஊதிப் பெரிதாக்கியது. இருவருக்கும் மூக்கில் நீர் வழிந்ததுதான் மிச்சம். இன்னொரு முறை அப்படிச் சேர்க்க மாட்டேன். மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: கடை அலமாரி, அதில் ஒரு பாட்டில், 'அல்யானிக்கோ டெல் வூல்த்துரே'. கீழே ஒரே ஒரு வார்த்தை: "நவம்பர்தானே?"